பால் நுரைப்பான்: கையிலிருந்து மின்விசைக்கு

பால் நுரைப்பான் என்பது பாலில் காற்றைக் கலந்து நுரை எழுப்பும் சிறிய சமையலறைக் கருவி ஆகும். இன்று வீடுகளில் இதன் இரண்டு வகைகளைக் காணலாம். ஒன்று, பேட்டரியில் இயங்கும் கைக்கம்பி. அதன் நுனியில் ஒரு சுருள்கம்பி வளையம் வேகமாகச் சுழலும். மற்றொன்று, மின்சாரத்தில் இயங்கும் மூடியிட்ட குவளை; இது பாலைச் சூடாக்கிக்கொண்டே நுரையும் எழுப்பும்.

சென்ற ஆண்டு என் மகள் இரண்டாம் வகைக் கருவி ஒன்றை வாங்கி வந்தாள். நாற்பது ஆண்டுகளாகக் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் வீட்டில் உள்ள அனைவருக்கும் காபி ஆற்றிக் கொடுத்தவள் நான். இப்போது வலது மணிக்கட்டில் வலி. நிறைந்த டபராவை ஒரு முழம் உயர்த்திப் பிடிக்க முடிவதில்லை. கருவியைப் பழகிப் பார்த்தபோது ஒரு கேள்வி எழுந்தது. இந்த வேலையை இதற்கு முன் உலகில் யார் யார், எப்படிச் செய்தார்கள்? அதற்குத் தேடிக் கிடைத்த விடையே இக்கட்டுரை.

நுரை என்றால் என்ன?

பால் பொங்குவதும் நுரைப்பதும் ஒன்றல்ல. அடுப்பில் பால் பொங்கும்போது உள்ளே உருவாகும் நீராவிக் குமிழ்கள் மேலே படிந்த ஏட்டைத் தள்ளிக்கொண்டு எழுகின்றன. அடுப்பை அணைத்தால் அடங்கிவிடும். நுரையில் இருப்பது வெளியிலிருந்து புகுந்த காற்று. பாலிலுள்ள புரதங்கள் ஒவ்வொரு காற்றுக் குமிழையும் சுற்றி மெல்லிய உறை போலப் படிந்து, அது உடையாமல் காக்கின்றன. பாலின் புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கேசீன், மீதி மோர்ப்புரதங்கள்.

கொழுப்பு இதற்கு நேர்மாறாக வேலை செய்யக்கூடியது. பால் நன்கு குளிர்ந்திருக்கும்போது கொழுப்பு பெரும்பாலும் உறைந்திருப்பதால் நுரைக்கு அதிகம் இடையூறு செய்யாது. வெதுவெதுப்பான நிலையில் அது பாதி உருகிக் குமிழ்களின் மீது பரவி அவற்றை உடைத்துவிடும். பால் நன்றாகச் சூடேறியதும் மீண்டும் நுரை எளிதில் எழும். எனவே மிகக் குளிர்ந்த பாலும் நல்ல சூட்டிலுள்ள பாலும் நுரைக்கும். ஆறிப்போன பால் நுரைக்காது.

உயரத்திலிருந்து ஊற்றுதல்

நுரை எழுப்பும் பழைய முறைகளில் ஒன்று, ஒரு கலத்திலிருந்து இன்னொரு கலத்திற்கு உயரத்திலிருந்து ஊற்றுவது. தமிழ்நாட்டில் காபியும் தேநீரும் ஆற்றுவது இம்முறைதான். ஆனால் இதற்கான மிகத் தெளிவான பழைய சான்று கிடைப்பது பாலே இல்லாத ஒரு நாட்டில்.

நடு அமெரிக்காவின் மாயா மக்கள் கொக்கோ விதையை அரைத்து நீரில் கலந்து பருகினர். அந்தப் பானத்தின் நுரையே அதன் சிறப்பாகக் கருதப்பட்டது. ஏறத்தாழ கி.பி. 670க்கும் 750க்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்த மாயா மட்கலம் ஒன்று அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் ஒரு தெய்வத்தின் அரண்மனைக் காட்சி தீட்டப்பட்டுள்ளது. ஒரு பெண் நின்றுகொண்டு, கையில் உயர்த்திப் பிடித்த கலத்திலிருந்து கீழே தரையில் இருக்கும் கலத்திற்குப் பானத்தை ஊற்றுகிறாள். அது கொக்கோ பானத்தில் நுரை எழுப்பும் காட்சி என்று ஆய்வாளர்கள் விளக்குகின்றனர்.

மாயா மக்களுக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர் மெக்சிகோவில் ஆட்சி செலுத்தியவர்கள் அஸ்டெக் மக்கள். ஸ்பானியர் அந்நாட்டைக் கைப்பற்றிய பிறகு, 1553ஆம் ஆண்டையொட்டி உருவான தூதேலா சுவடியில் ஓர் அஸ்டெக் பெண் அதே போல நின்று ஊற்றும் ஓவியம் இருக்கிறது. இரண்டு படங்களுக்கும் இடையே ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள். ஊற்றும் முறை மாறவில்லை. ஊற்றுபவர் பெண் என்பதும் மாறவில்லை. இருவருக்கும் பெயர் குறிக்கப்படவில்லை.

கடைதலும் சுழற்றுதலும்

ஸ்பானியர் வந்த பிறகு மெக்சிகோவில் ஊற்றும் முறையோடு ஒரு மரக்கருவியும் பரவியது. அதன் பெயர் மொலினிய்யோ. நீண்ட காம்பு, அடியில் பள்ளங்கள் வெட்டிய குமிழ், நடுவில் கழலாமல் சுழலும் மர வளையங்கள். காம்பை இரு உள்ளங்கைகளுக்கும் இடையில் வைத்து உருட்டினால் நுரை எழும். பருப்புக் கடைய நாம் கையால் உருட்டும் சிறு மத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கொக்கோ பானம் ஐரோப்பாவிற்குச் சென்றபோது இக்கருவியும் உடன் சென்றது. பின்னர் அங்கு அப்பானத்தில் பாலும் சேர்க்கப்பட்டது. பிரான்சில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் செய்யப்பட்ட சாக்லேட் குடங்களின் மூடியில் ஒரு துளை இருக்கும். கடையும் கோல் அதன் வழியே உள்ளே செல்லும். செல்வர் வீடுகளில் குடம் வெள்ளியாலும் பீங்கானாலும் ஆனது. கோலை உருட்டியவர்கள் பணியாட்கள்.

தமிழகத்தில் மத்தின் வரலாறு இன்னும் பழையது. சங்க இலக்கியமான பெரும்பாணாற்றுப்படை, விடியற்காலையில் தயிர் கடைந்து மோர் விற்கச் செல்லும் ஆயர் பெண்ணைக் காட்டுகிறது. அவள் கடைந்தது வெண்ணெய்க்காக, நுரைக்காக அன்று. எனினும் கடையும்போது முதலில் தோன்றுவது நுரைதான். கொழுப்புத் துளிகள் காற்றுக் குமிழ்களில் ஒட்டித் திரண்ட பிறகே வெண்ணெய் பிரிகிறது.

பல்சக்கரம், நீராவி, மின்சாரம்

19ஆம் நூற்றாண்டில் கடையும் வேலை பல்சக்கரத்திற்கு வந்தது. அமெரிக்காவில் டர்னர் வில்லியம்ஸ் 1870ஆம் ஆண்டில் இரட்டைச் சக்கர முட்டை அடிப்பானுக்குக் காப்புரிமை பெற்றார். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் கம்பிகள் பல சுற்றுச் சுழலும். கை இன்னும் வேலை செய்தது. ஆனால் குறைவாகச் செய்தது.

இத்தாலியில் வேறொரு வழி திறந்தது. டூரின் நகரைச் சேர்ந்த ஆஞ்செலோ மொரியோந்தோ 1884ஆம் ஆண்டில் நீராவியைப் பயன்படுத்தும் காபி இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். மிலான் நகரின் லூயிஜி பெட்சேரா 1901இல் அதை மேம்படுத்தி, ஒவ்வொரு கோப்பைக்கும் தனித்தனியே காபி இறக்கும் இயந்திரத்திற்கு உரிமை பெற்றார். தெசிதேரியோ பவோனி அந்த உரிமையை வாங்கி 1905 முதல் இயந்திரங்களைத் தயாரித்தார். கொதிகலனில் இருக்கும் நீராவியை ஒரு குழாய் வழியே பாலுக்குள் செலுத்தினால் பால் சூடாவதோடு நுரையும் எழும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அக்கீல்லே காஜ்ஜா உருவாக்கிய நெம்புகோல் இயந்திரங்கள் பரவியபோது, இன்று நாம் அறிந்த நுரை மிகுந்த கப்புச்சினோவும் பரவியது. கப்புச்சின் துறவியரின் பழுப்பு அங்கியின் நிறத்தால் அப்பெயர் வந்தது.

நீராவி இயந்திரம் பெரியது, விலை மிகுந்தது. எனவே அது கடைகளிலேயே நின்றது. நம் ஊர்த் திருமண வரவேற்புகளில் உஸ் என்ற ஓசையுடன் பாலை நுரைக்க வைத்து, மேலே கோகோ பொடி தூவித் தரும் "எஸ்பிரஸ்ஸோ காபி" இந்த நீராவிக் குழாயின் வழிவந்ததே. பெயர் எஸ்பிரஸ்ஸோ என்றாலும் அதில் பெரும்பாலும் இருப்பது உடனடிக் காபித்தூள்தான்.

வீட்டுக்குள் நுழைந்தது மின்மோட்டார். 1910களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ரசீன் நகரில் ஹாமில்டன் பீச் நிறுவனம் பால் பானங்களைக் கலக்கும் மின்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே நகரில் ஸ்டீபன் பொப்லாவ்ஸ்கி, பாத்திரத்தின் அடியில் கத்தி சுழலும் கருவிக்கு 1920களில் காப்புரிமை பெற்றார். நம் மிக்சியின் முன்னோடி அது. மோட்டார் சிறிதாகச் சிறிதாக, கருவியும் கைக்கு அடக்கமானது. இன்றைய நுரைப்பான் குவளையில் அடியில் இருக்கும் மோட்டார் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. உள்ளே இருக்கும் வளையத்திலும் காந்தம் உண்டு. அது உடன் சுழலும். இரண்டையும் இணைக்கும் அச்சு எதுவும் இல்லாததால் குவளையின் அடியில் துளை தேவைப்படவில்லை. பால் கசியவும் வழியில்லை.

வீட்டில் செய்து பார்த்தது

முதல் நாள் குறியைக் கவனிக்காமல் ஊற்றிவிட்டேன். நுரைக்கும் பாலுக்கு ஒரு கோடு, சூடு மட்டும் செய்யும் பாலுக்கு மேலே இன்னொரு கோடு. நான் நிரப்பியது மேல் கோடு வரை. ஒரு நிமிடத்தில் மூடியைத் தள்ளிக்கொண்டு நுரை மேடையில் வழிந்தது. பிறகு ஒவ்வொரு முறையும் 100 மில்லி லிட்டர் அளந்து, நான்கு வகையாகச் செய்து பார்த்தேன்.

1. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சமன்படுத்திய பால்: ஏறத்தாழ இரண்டு மடங்கு உயர்ந்தது. நுரை இலேசானது.

2. காய்ச்சி ஆறிய, வெதுவெதுப்பான பால்: பெரிய குமிழ்கள் எழுந்து, டம்ளரில் ஊற்றும் முன்பே அடங்கின. ஏடு சுருள்கம்பியில் சிக்கிக்கொண்டது.

3. அதே பாலை ஏடு நீக்கிக் குளிரவைத்தது: முதல் முறையைப் போலவே நன்றாக நுரைத்தது.

4. குளிர்ந்த நிறைகொழுப்புப் பால்: உயரம் குறைவு. ஆனால் நுரை அடர்த்தியாக, வெண்ணெய் போல வழவழப்பாக இருந்தது. காபியின் மேல் நெடுநேரம் நின்றது.

மேலே சொன்ன கொழுப்பின் விளையாட்டு இரண்டாம், மூன்றாம் முறைகளில் கண்ணெதிரே தெரிந்தது. பள்ளியில் அறிவியல் செய்முறையாகவே இதைச் செய்து காட்டலாம்.

ஒரு குறையும் உண்டு. இத்தகைய கருவிகள் பாலைக் கொதிக்க விடுவதில்லை. ஏறத்தாழ 65 பாகை செல்சியசில் நின்றுவிடும். அதற்கு மேல் சென்றால் நுரையின் தரம் கெடும் என்பது காரணம். நாக்கைச் சுடும் காபிக்குப் பழகிய என் மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது காபியா, மோரா?" என்றார். டிகாக்‌ஷனைத் தனியே நன்கு சூடாக்கிக் கலந்த பிறகே ஏற்றுக்கொண்டார். மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டிய ஒன்று: பாக்கெட் பால் ஏற்கனவே பாஸ்டர் முறையில் சூடாக்கப்பட்டது. கறந்த பாலைக் காய்ச்சாமல் நுரைப்பானில் ஊற்றக்கூடாது. அந்தச் சூடு காய்ச்சுவதற்கு ஈடாகாது.

நுரையை நம் வீடுகள் எப்போதும் விரும்பியதும் இல்லை. என் சிறுவயதில் பால்காரர் ஆழாக்கில் உயர ஊற்றினால், "நுரை அடங்கட்டும், பிறகு அள" என்பார் என் தாய். அளவையில் நுரை என்றால் காற்றுக்குக் காசு கொடுப்பது. அதே பாலை டம்ளரில் நுரைக்க நுரைக்க ஆற்றிக் கொடுத்தவரும் அவரே. அளவையில் நுரையைக் குறைக்கச் சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. டம்ளரில் நுரை குறைந்தால் கேட்கும் உரிமை மற்றவர்களுக்கு இருந்தது.

முடிவுரை

ஊற்றுதல், கடைதல், சக்கரம், நீராவி, மோட்டார் என்று கருவிகள் மாறினாலும் பாலிலோ கொக்கோவிலோ நிகழ்வது ஒன்றே: காற்று கலப்பது. மாறியது கையின் உழைப்பு. காப்புரிமை பெற்றவர்களின் பெயரும் ஆண்டும் நமக்குக் கிடைக்கின்றன. அதற்கு முன் பல நூற்றாண்டுகள் ஊற்றியும் கடைந்தும் வந்தவர்களின் பெயர்கள் கிடைக்கவில்லை. இன்றும் தேநீர்க் கடைகளில் காலை நான்கு மணி முதல் நின்றபடி ஆற்றுபவர்களின் தோளும் மணிக்கட்டும் அதே வேலையைச் செய்கின்றன.

எங்கள் வீட்டில் இப்போது காலைக் காபியைப் பத்தாம் வகுப்புப் படிக்கும் பேரன் நுரைப்பானில் போடுகிறான். டபராவில் ஆற்றவும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மின்சாரம் இல்லாத நாளில் அதுவே கைகொடுக்கிறது. மாணவர்கள் தங்கள் சமையலறையில் உள்ள ஏதேனும் ஒரு கருவியை எடுத்து, அது வருவதற்கு முன் அந்த வேலையை யார், எவ்வளவு நேரம் செய்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிப் பார்க்கலாம். அதுவும் வரலாறுதான்.