கட்டிலில் படுத்தவர் பார்த்த அறை

கல்கத்தா வந்து பதினோரு வருஷம் ஆகிறது. போன வருஷம் தூக்கம் கெட்டுப்போய் ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். ஊரில் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. 'பைத்தியக்கார டாக்டரா?' என்று பதறிவிடுவார். முதல் நாள் எனக்கும் பயம்தான். உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பயம். இருந்தது இரண்டு நாற்காலி, ஒரு ஜன்னல், ஒரு கடிகாரம்.

அப்படிப்பட்ட அறைகளிலேயே பெயர்பெற்ற ஒன்றைப் படம்பிடித்தவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்தார். வியன்னாவில் பெர்க்காஸெ 19-ஆம் எண் வீட்டில் 47 வருஷம் இருந்த சிக்மண்ட் ஃபிராய்டு, யூதர் என்பதால் வெளியேற வேண்டிய நிலை. சாமான்களைக் கட்டுவதற்குள் வீட்டைப் படமெடுத்துவிடச் சொல்லி, நண்பர் ஐக்ஹார்ன் மே மாதம் எட்மண்ட் எங்கல்மானை அனுப்பினார். எங்கல்மானும் யூதர். வெளியே கெஸ்டபோ கண்காணிப்பு. ஃபிளாஷ் போட்டால் மாட்டிக்கொள்வார். கிடைத்த வெளிச்சத்திலேயே எடுத்தார்.

அந்தப் படங்களைப் பார்த்தால் நாமே சிகிச்சைக்குப் போவது போல இருக்கும். வாசலுக்கு மேல் நாஜிக் கொடிச் சின்னம், மாடிப்படி, கதவு, காத்திருக்கும் அறை, கடைசியில் கம்பளம் விரித்த அந்தக் கட்டில். தலைமாட்டுக்குப் பின்னால் டாக்டரின் நாற்காலி. படுத்தவருக்கு டாக்டர் முகம் தெரியாது. கண்ணில் படுவதெல்லாம் அவர் சேர்த்த பழங்காலச் சிலைகள்தான்.

ஜூன் 4-ல் ஃபிராய்டு கிளம்பினார். 1939-ல் எங்கல்மானும் அமெரிக்கா போனார், நெகடிவ்களை ஐக்ஹார்னிடம் விட்டுவிட்டு. போருக்குப் பிறகு அவை லண்டனில் ஃபிராய்டின் மகள் அன்னாவிடமிருந்து திரும்பக் கிடைத்தன. 1976-ல் புத்தகமாக வந்தன. கட்டில் இப்போது லண்டன் மியூசியத்தில். வியன்னாவில் அந்த அறை இருந்த விதத்துக்கு இந்தப் படங்கள்தான் சாட்சி.

நம்ம கல்கத்தாவுக்கும் இதில் பங்கு உண்டு. கிரீந்திரசேகர் போஸ் 1922-ல் இங்கே தொடங்கிய இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம், 1931-ல் ஃபிராய்டின் 75-வது பிறந்தநாளுக்காகத் தந்தத்தில் ஒரு விஷ்ணு சிலை அனுப்பியது. அதை அவர் தன் மேஜையில் வைத்துக்கொண்டார். இப்போது அதுவும் லண்டனில்தான்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் முதலில் அந்த விஷ்ணுவைப் பற்றிச் சொல்லப்போகிறேன். அப்புறம் இந்த அறையைக் காட்டலாம். என் கதையை அதற்கப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.