மலையோடையில் வந்தேறிய மீன்

மூணாற்று மலையோடைகளில் வாழும் வானவில் டிரவுட் மீன் நம் நாட்டுப் பிறவி அன்று. வட அமெரிக்காவின் பசிபிக் கரை ஆறுகளே அதன் தாயகம். 1863இல் பிரான்சிஸ் டே நீலகிரியில் டிரவுட் இனத்தைக் குடியேற்ற முயன்றார், முயற்சி பலிக்கவில்லை. 1907இல் ஹெச். சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பின்னரே வானவில் டிரவுட் அங்கு நிலைபெற்றது. தூண்டில் வேட்டையில் நாட்டங்கொண்ட தோட்டத் துரைமார் மூணாற்றிலும் அதனைப் பரப்பினர்.

குளிர்ந்து தெளிந்து, பிராணவாயு நிறைந்து ஓடும் நீரே அதற்கு உகந்தது. நம் கரமனையாற்றின் சமவெளி நீரில் அது பிழையாது. எனினும் மலையில் அது பூச்சிகளையும் சிறு மீன்களையும் இரையாகக் கொள்ளும். ஆகவே, நேயர்களே, இனி ஓர் ஓடையில் டிரவுட் குஞ்சுகளை விடுமுன், அங்கே தொன்றுதொட்டு வாழும் சிறு மீன்களைக் கணக்கெடுத்தல் வேண்டும். விருந்தினரை வரவேற்குமுன் வீட்டாரின் நலம் நாடுவதே முறை.