தமிழகக் கத்தோலிக்க வரலாற்றில் பாவசங்கீர்த்தனமும் மனத்துயரும்

முன்னுரை

பகுத்தறியும் வயதை எய்திய கத்தோலிக்கர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் குருவிடம் பாவங்களை அறிக்கையிட வேண்டும் என 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் விதித்தது. குருக்கள் அரிதாயிருந்த தமிழ்நிலத்தில் இவ்வழக்கம் வேரூன்ற, குருவோடு நூலும் உபதேசியாரும் துணைநின்றனர் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

நூல்வழி ஆயத்தம்

முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்', 1579இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' ஆகிய நூல்களை அச்சிடச் செய்தார். 1580இல் கொச்சியில் வெளிவந்த அவரது 'கொம்பெசியொனாயரு', பாவசங்கீர்த்தனத்திற்கெனவே அமைந்த கையேடாகும். தமிழ் அச்சின் தொடக்கக் காலத்திலேயே இத்தகைய நூல் எழுந்தமை கருதத்தக்கது. பாவ அறிக்கை மறைவாகக் காக்கப்பட வேண்டிய உரையாடல். ஆதலின் கேட்பவர், சொல்பவர் இருவருக்கும் பொதுவான தமிழ்ச்சொற்கள் தேவைப்பட்டன.

உபதேசியாரின் பங்கு

1606இல் இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தபின், மதுரை மறைத்தளத்தின் பணி உள்நாட்டில் விரிவடைந்தது. திண்டுக்கல் அக்காலத்தில் மதுரை நாயக்கர் ஆட்சிக்குட்பட்டிருந்தது. பரந்த நிலப்பரப்பைச் சில குருக்களே சுற்றிவந்தமையால், அவர்கள் இல்லாத நாள்களில் மறைக்கல்வியையும் செபத்தையும் நடத்தியவர்கள் உபதேசியார்களே. வீரமாமுனிவர் அவர்களுக்கென 'வேதியர் ஒழுக்கம்' எழுதியமை அப்பணியின் முதன்மையைக் காட்டும். பாவமன்னிப்பு வழங்கும் அதிகாரம் குருவுக்கே உரியது; ஆயினும் அறிக்கைக்கு முற்பட்ட ஆயத்தம் குருவின் வருகைக்காகக் காத்திருக்க வேண்டியதன்று. மனத்துயர், அறிக்கை, பரிகாரம் ஆகிய மூன்றையும் மனந்திரும்புவோரின் செயல்களாக வரையறுத்த திரெந்து பொதுச்சங்கம் (1551), அருட்சாதனத்தைப் பெறும் விருப்பத்தை உள்ளடக்கிய உத்தம மனத்துயர், அதனைப் பெறுமுன்னரே மனிதரை இறைவனோடு ஒப்புரவாக்கும் எனவும் கற்பித்தது. குருவைக் காணாத நாள்களிலும் மனந்திரும்புதலுக்கு இப்போதனை இடமளித்தது.

முடிவுரை

மறைப்பணியாளர் மடல்கள் பாவசங்கீர்த்தனங்களின் எண்ணிக்கையைப் பதிவுசெய்கின்றன. அவ்வெண்ணிக்கை குரு வந்துசென்றதைக் காட்டும். இடைப்பட்ட மாதங்களில் இல்லங்களில் நிகழ்ந்த ஆன்மசோதனையைக் காட்டாது. எண்ணிக்கையை மட்டும் கொண்டு மக்களின் பக்தியை அளக்கும் ஆய்வு, குருவின் பயணத்தையே அளந்ததாக முடியும். 'பாவசங்கீர்த்தனம்' என்ற பெயர் இன்று 'ஒப்புரவு அருளடையாளம்' என மாறியுள்ளது. முன்னது சொல்லுதலையும் பின்னது உறவு மீள்வதையும் முன்னிறுத்துகின்றன. 2003இல் தனி மறைமாவட்டமான திண்டுக்கல்லின் சிற்றூர்களில் கள ஆய்வு மேற்கொள்வோர், பங்குப் பதிவேடுகளோடு உபதேசியார் குடும்பங்களின் வாய்மொழி நினைவுகளையும் தொகுத்தல் வேண்டும்.