கான்பூர் குப்பையிலிருந்து வந்த விமானங்கள்

டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் நான்கு இன்ஜின்களோடு ஒரு கிழட்டு குண்டுவீச்சு விமானம் நிற்கிறது. பெயர் லிபரேட்டர். இறக்கையின் நீளம் மட்டும் 110 அடி. பெரும்பாலானோர் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். நின்று பார்க்க வேண்டிய விமானம் அது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா தயாரித்த லிபரேட்டர்கள் 18,000-க்கும் அதிகம். போர் முடிந்ததும், பிரிட்டன் தன் வசமிருந்தவற்றில் பலவற்றைக் கான்பூரில் கொண்டுவந்து குவித்தது. கடனாக வந்த விமானங்கள் என்பதால், இனி யாரும் பறக்கவிடக் கூடாது என்பது நிபந்தனை. இன்ஜின்களில் மணலைக் கொட்டினார்கள். கருவிகளை அடித்து நொறுக்கினார்கள்.

சுதந்திர இந்தியாவுக்கோ குண்டுவீச்சு விமானம் அவசரத் தேவை. பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிலாளர்கள் அந்தக் குவியலுக்குள் இறங்கினார்கள். ஒன்றில் கிடைத்த பாகத்தை இன்னொன்றில் பொருத்தி, பறக்கும் அளவுக்கு மட்டும் ஒட்டுப்போட்டார்கள். விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றைச் சுமார் 1,500 கிலோமீட்டர் ஓட்டிச்சென்று பெங்களூரில் இறக்கினார். என்ன துணிச்சல்!

முழுமையாகப் பழுதுபார்க்கப்பட்ட 40-க்கும் மேற்பட்ட விமானங்கள் 1948 முதல் படையில் சேர்ந்தன; 1968 வரை பறந்தன.

அதற்குள் மற்ற நாடுகள் தங்கள் லிபரேட்டர்களில் பெரும்பாலானவற்றை உருக்கிவிட்டிருந்தன. அருங்காட்சியகங்கள் இந்தியாவைத் தேடி வந்தன. கனடாவின் ஒட்டாவா, அமெரிக்காவின் டூசான், பிரிட்டனின் ராயல் விமானப்படை அருங்காட்சியகம் ஆகிய இடங்களில் இன்று நிற்பவை, கான்பூரில் கைவிடப்பட்ட அதே விமானங்கள்தான்.