பதினைந்து துண்டு பிரேக்

பாடசாலை முடிஞ்ச பிறகு என்ன? நுண்மதிக் குறைபாடுள்ள ஒரு பிள்ளையைப் பற்றி இந்தக் கேள்வி வந்தால் எங்கட ஊர்களில பெரும்பாலும் ஒரே பதில்தான்: "வீட்டோட இருக்கட்டும்." அமெரிக்காவிலும் கனகாலம் இதுக்குக் கிட்டவான பதில்தான் இருந்தது. அது எப்படி ஆட்டம் கண்டது என்று தேடிப்போனால் நாங்கள் வந்து நிற்பது ஒரு சைக்கிள் பிரேக்கில்.

1938ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் அங்கே குறைந்தபட்சக் கூலியைக் கொண்டுவந்தது. அதே சட்டம், இயலாமை உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவாகக் கொடுக்கவும் ஒரு வாசலைத் திறந்து வைத்தது. அவர்களுக்கென்று இருந்த தனிப் பட்டறைகளில் பிரிப்பது, அடுக்குவது, பையில் போடுவது போன்ற வேலைகள்தான். தயாரானதும் வெளியே அனுப்புவோம் என்றார்கள். பலருக்கு அந்த நாள் வரவேயில்லை.

மார்க் கோல்ட் முன்னர் விசேட கல்வி ஆசிரியர், பின்னர் இலினோய் பல்கலைக்கழக ஆய்வாளர். 1972இல் வெளிவந்த அவருடைய ஆய்வில் இப்படியான பட்டறைகளில் இருந்த 64 பேர் பங்குபற்றினார்கள். கொடுத்த வேலை, 15 துண்டுகள் கொண்ட ஒரு பிரேக்கைப் பூட்டுவது. பின் சில்லின் நடுவில் இருக்கும், பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும் பிரேக் அது. (சைக்கிளைக் கழட்டிப் பூட்டுற எங்கட பெடியளே அதைத் திறக்க யோசிப்பாங்கள்.) துண்டுகளை ஒழுங்குப்படி தட்டில் வைத்தார். சிலருக்கு, எந்தப் பக்கம் தங்களைப் பார்த்திருக்க வேணுமோ அந்தப் பக்கத்துக்குச் சிவப்பு நிறம் பூசிக் கொடுத்தார். நிறம் இருந்தவர்கள் வெகு விரைவாகப் பழகினார்கள். பிறகு 24 துண்டு பிரேக்கும் வந்தது.

கோல்ட் அதிகம் கதைக்கவில்லை. பிழைத்தால் "வேறு விதமாகச் செய்து பார்" என்பார், சரியென்றால் மௌனம். "நல்ல பிள்ளை" என்று தட்டிக் கொடுப்பதும் இல்லை. முதலில் இது எங்களுக்குக் கடுமையாகத்தான் பட்டது. ஆனால் வளர்ந்த ஒருவரை வளர்ந்தவராகவே நடத்துவது என்றால் இதுவும்தானே? ஒருவர் பழகவில்லை என்றால் குறை பழக்கும் முறையில்தான் என்பது அவருடைய வாதம். 1982இல், நடுவயதிலேயே, இறந்துபோனார்.

இதற்கிடையில் 1975இல் எல்லா இயலாமையுள்ள பிள்ளைகளுக்கும் பொதுப் பாடசாலைக் கல்வியை உறுதிசெய்யும் சட்டம் வந்தது. அப்படிப் படித்த பிள்ளைகள் வளர்ந்து வெளியே வர, பழைய கேள்வி திரும்பவும் வந்தது. 1984இல் கல்வித் திணைக்களத்தின் மெடலின் வில், பாடசாலைக்கும் வேலைக்கும் இடையில் பாலங்கள் வேணும் என்று ஒரு கொள்கை அறிக்கை எழுதினார். 1990 சட்டம் பாடசாலைகள் அதைத் திட்டமிட வேணும் என்றது.

1996இல் சின்சினாட்டி சிறுவர் வைத்தியசாலையில் இன்னொரு திருப்பம். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த எரின் றீலுக்கு, பொருட்களை ஒழுங்காக அடுக்கி நிரப்ப நிலைத்து நிற்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். அங்கே தொடங்கிய 'புரொஜெக்ட் சேர்ச்' திட்டத்தில், மாணவர்கள் பாடசாலையின் கடைசி வருடத்தை வேலைத்தலத்துக்குள்ளேயே கழிக்கிறார்கள். தயாரான பிறகு வேலை என்ற பழைய வரிசை அங்கே தலைகீழானது: வேலைத்தலத்தில் நின்றுதான் தயாராகிறார்கள்.

1938இல் திறந்த அந்தக் கூலி வாசலைப் பல மாநிலங்கள் தங்கள் எல்லைக்குள் மூடிவிட்டன. மத்திய சட்டத்தில் அது இன்னும் திறந்தபடிதான் கிடக்கிறது.