மைசூர்ச் சீமையும் கடன் பணமும்

விடுதலை பெற்ற இந்தியா 1949-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் உலக வங்கியிடம் முதன்முதலாகக் கடன் பெற்றது. 3 கோடியே 40 லட்சம் டாலராகிய அத்தொகை ரயில்வேக்குச் சென்றது. அடுத்த கடன் உழவு இயந்திரங்களுக்கு. 1950-ல் பெற்ற மூன்றாவது, தாமோதர்ப் பள்ளத்தாக்கின் மின்சாரத்திற்கு. வெளியார் பணம் கைக்கு வந்தால் எதனை முதலில் செய்வது என்னும் இவ்வினாவை, நாம் குடியேறி வாழும் இம்மைசூர்ச் சீமை அதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் முன்பே எதிர்கொண்டது. அன்று விடை தேடிய திவான்கள் இருவரும் தமிழகத்தோடு உறவுடையவர் என்பது நம்மவர் அறியத் தக்கது.

1876 முதல் 1878 வரை நிலவிய பெரும் பஞ்சம் இந்நாட்டைச் சூறையாடிற்று. 1871-ல் சுமார் 50 லட்சமாக இருந்த மக்கள் தொகை, 1881-ல் 42 லட்சமாகச் சுருங்கியது. அவ்வாண்டு ஆட்சி உடையார் மரபினரிடம் திரும்பிய பொழுது, பஞ்சகாலத்துக் கடன் 80 லட்சம் ரூபாயும் உடன் வந்து சேர்ந்தது.

செங்கல்பட்டுச் சீமையிற் பிறந்த ரங்காச்சார்லு முதல் திவானாக அமர்ந்தார். பஞ்சத்தின் போது பெங்களூர் வரை ரயிலில் வந்த தானியம், உள்நாட்டிற்குக் கொண்டு செல்ல வண்டியின்றித் தேங்கியதை அவர் மறக்கவில்லை. கஜானா வற்றியிருந்தும் இருப்புப்பாதை வேலையை நிறுத்தினாரில்லை. 1882-ல் ரயில் மைசூரை எட்டியது.

அவர்க்குப் பின் வந்த சேஷாத்ரி ஐயர் பாலக்காட்டுத் தமிழர். பதினெட்டு ஆண்டுகள் திவானாக விளங்கியவர். ஹரிஹர் வரை பாதையை நீட்ட, தென் மராட்டா ரயில்வே கம்பெனி வாயிலாக இலண்டனில் கடன் திரட்டப்பட்டது. பணம் வந்தது, பாதையின் நிருவாகமோ கம்பெனியிடம் சென்றது. சிவசமுத்திரத்து மின்நிலையத்தை அவ்வாறு விடாமல் சமஸ்தானமே தன் பொறுப்பில் அமைத்தது. அவர் 1901-ல் காலமானார்; மறு ஆண்டு ஜூன் 30-ல் மின்சாரம் 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கவயலை அடைந்தது. பெங்களூரில் 1905-லும், மைசூரில் 1908-லுமே விளக்கெரிந்தது. (அரைமணி மின்வெட்டுக்கு நாம் முணுமுணுக்கிறோம்!)

காவிரியின் ஆற்றல் முதலில் ஆங்கிலக் கம்பெனிக்கா என்று சினப்பாருண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. தவறாது கட்டணம் செலுத்தும் வாடிக்கைக்காரர் அன்று வேறெவரும் இலர். என் மனத்தை உறுத்துவது பிறிதொன்று. அது சுரங்க இயந்திரங்களுக்கென்றே செய்த ஒப்பந்தம். அச்சுரங்கத்துள் இறங்கிய வட ஆர்க்காட்டுத் தமிழரின் குடிசைகளுக்காகச் செய்ததன்று.