கேள்வி கேட்கும் குழு
வெஸ்ற்மினிஸ்ரர் பாராளுமன்றத்தின் மனித உரிமைக் குழு: ஒரு வரலாற்றுப் பார்வை

மனித உரிமை எண்டவுடன் எங்கட சனத்துக்கு ஞாபகம் வருவது ஜெனிவாதான். மாசி, பங்குனி வந்தால் பஸ் ஒழுங்கு செய்து போய் அங்கே கொடி பிடிக்கிறோம். அது வேண்டியதுதான். ஆனால் நாங்கள் வரி கட்டி வாழுகிற இந்த நாட்டின் பாராளுமன்றத்துக்குள்ளேயே மனித உரிமைகளுக்கெண்டு ஒரு குழு 2001ஆம் ஆண்டிலிருந்து வேலை செய்கிறது. அகதிகளைப் பற்றியும் தடுப்பு முகாம்களைப் பற்றியும் அது எத்தனையோ அறிக்கைகள் எழுதியிருக்கிறது. எங்களில் பலருக்கு அதன் பெயரே தெரியாது. அது எப்படி வந்தது, எப்படிக் கூடுகிறது, அதனால் எங்களுக்கு என்ன பிரயோசனம் என்பதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன்.

முதலில் பழைய கதை. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையை பிரித்தானியா 1951இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் தனிநபர் ஒருவர் ஸ்ராஸ்பேர்க்கில் போய் முறையிடும் உரிமையை 1966இல்தான் ஒத்துக்கொண்டது. இங்குள்ள நீதிமன்றங்களில் அந்த உடன்படிக்கையை வைத்து நேரடியாக வழக்காட அப்போது முடியாமல் இருந்தது. அந்த நிலையின் வலியை எம்மவர்கள் அனுபவித்திருக்கிறார்கள். 1988 மாசியில் ஐந்து தமிழர்களை இந்த அரசாங்கம் இலங்கைக்குத் திருப்பி அனுப்பியது. அவர்களின் மேன்முறையீடு அவர்கள் போன பிறகுதான் விசாரிக்கப்பட்டது. 1989இல் அதில் வென்று திரும்பி வந்தார்கள். அங்கே தங்களில் சிலர் துன்புறுத்தப்பட்டதாகச் சொன்னார்கள். ஸ்ராஸ்பேர்க் நீதிமன்றமோ 1991 ஒக்ரோபர் 30ஆம் திகதி, உடன்படிக்கை மீறப்படவில்லை எண்டு தீர்ப்புச் சொன்னது. எல்லாம் நடந்து முடிந்த பிறகு கேள்வி கேட்பதில் உள்ள குறை இதுதான்.

1997இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்ததும் இந்த உரிமைகளை உள்நாட்டுச் சட்டமாக்கப் போவதாக ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. பாராளுமன்றத்திலும் இதற்கெண்டு ஒரு குழு வேண்டும் என்ற யோசனை அதிலேயே இருந்தது. மனித உரிமைச் சட்டம் 1998இல் நிறைவேறி, 2000 ஒக்ரோபர் 2ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. குழுவின் முதற் கூட்டம் 2001 தையில் நடந்தது. ஜீன் கோஸ்ரன் என்ற பெண் உறுப்பினர் முதல் தலைவரானார்.

குழுவின் அமைப்பைக் கவனியுங்கள். மொத்தம் 12 பேர். ஆறு பேர் மக்கள் சபையிலிருந்து, ஆறு பேர் பிரபுக்கள் சபையிலிருந்து. அதனால்தான் அது கூட்டுக் குழு எனப்படுகிறது. பிரபுக்கள் சபையிலிருந்து வருபவர்களில் எந்தக் கட்சியையும் சேராதவர்களும் இருப்பார்கள். ஆகவே ஆளும் கட்சி நினைத்தபடி இந்தக் குழுவை ஆட்டி வைப்பது லேசில்லை. தலைவர் பதவிக்கு நீண்ட காலம் மக்கள் சபை உறுப்பினர்களே வந்தார்கள். 2024இல் பிரபுக்கள் சபையைச் சேர்ந்த அல்ரன் பிரபு தெரிவானார்.

கூட்டங்கள் அண்மைய ஆண்டுகளில் பெரும்பாலும் புதன்கிழமை பிற்பகலில் நடக்கின்றன. முதலில் கதவைச் சாத்தி உறுப்பினர்கள் தங்களுக்குள் கதைப்பார்கள்: எந்த விடயத்தை எடுப்பது, யாரைக் கூப்பிடுவது, என்ன கேட்பது. பிறகு கதவு திறக்கும். சாட்சிகள் வந்து மேசைக்கு முன் இருப்பார்கள். அமைச்சரும் வருவார், சட்டத்தரணியும் வருவார், பாதிக்கப்பட்டவரும் வருவார். பொதுமக்களும் போய் இருந்து பார்க்கலாம். கேட்கும் கேள்வியும் சொல்லும் பதிலும் சொல்லுக்குச் சொல் எழுதப்பட்டுப் பின்பு பிரசுரமாகும்.

அறிக்கையின் முதல் வரைவு தலைவரின் பெயரில் வைக்கப்படும். அதை உறுப்பினர்கள் பந்தி பந்தியாகப் பார்த்து ஏற்பார்கள். ஒத்துவராத இடத்தில் வாக்கெடுப்பு நடக்கும். யார் எந்தப் பக்கம் எண்டது கூட்டக் குறிப்பில் பதியப்படும். அறிக்கை வெளிவந்து இரண்டு மாதத்துக்குள் அரசாங்கம் பதில் எழுத வேண்டும் என்பது முறை.

அடுத்தது சட்டமூலங்கள். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, ஒரு சட்டமூலத்தைக் கொண்டு வரும் அமைச்சர் அது மனித உரிமைக்கு ஒத்துப்போகிறதா இல்லையா எண்டு எழுதிக் கையொப்பம் வைக்க வேண்டும். ஒத்துப்போகிறது எண்டு எழுதுவது அமைச்சருக்கு லேசு. அந்த வசனம் சரியா எண்டு துருவிப் பார்ப்பது குழுவின் வேலை. குழுவுக்கெண்டு சட்ட ஆலோசகர்கள் உண்டு. அவர்கள் சட்டமூலத்தை வாசித்துச் சந்தேகங்களைக் குறிப்பார்கள். தலைவர் அமைச்சருக்குக் கடிதம் எழுதுவார். கடிதமும் பதிலும் பகிரங்கமாகும். ஆரம்ப ஆண்டுகளில் எல்லாச் சட்டமூலங்களையும் பார்த்தார்கள். 2006இல் பேராசிரியர் பிரான்செஸ்கா க்ளக் குழுவின் வேலை முறையை ஆராய்ந்து யோசனைகள் சொன்னார். அதன் பிறகு முக்கியமான சட்டமூலங்களைத் தெரிந்தெடுத்து ஆழமாகப் பார்ப்பது, தனித் தலைப்புகளில் விசாரணை நடத்துவது என்ற முறைக்கு வந்தார்கள்.

இந்தக் குழுவால் ஒரு சட்டத்தையும் நிறுத்த முடியாது. அப்படியானால் இவ்வளவு வேலையும் எதற்கு? இந்தக் கேள்விக்கு வரலாறே பதில் சொல்கிறது.

2001 கார்த்திகையில், நியூயோர்க் தாக்குதலுக்குப் பிறகு, வெளிநாட்டவரை விசாரணையின்றிக் காலவரையறை இல்லாமல் அடைத்து வைக்கும் சட்டமூலம் அவசர அவசரமாக வந்தது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் நிறைவேறியது. அந்த ஒரு மாதத்துக்குள்ளேயே குழு இரண்டு அறிக்கைகள் எழுதி எச்சரித்தது. அரசாங்கம் கேட்கவில்லை. 2004 மார்கழி 16ஆம் திகதி பிரபுக்கள் சபை நீதியரசர்கள் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அந்த அதிகாரம் மனித உரிமைக்கு ஒவ்வாதது எண்டு தீர்ப்பளித்தார்கள். பிங்கம் பிரபு தன் தீர்ப்பில் இந்தக் குழுவின் அறிக்கைகளை எடுத்துக் காட்டினார்.

2002இல் இன்னொன்று. வந்தவுடனே அகதி விண்ணப்பம் கொடுக்காதவருக்கு இருப்பிடமும் உணவுப் பணமும் மறுக்கலாம் என்ற 55ஆம் பிரிவு. இது மனிதரை இழிநிலைக்குத் தள்ளும் எண்டு குழு எழுதியது. 2003 தையில் பிரிவு நடைமுறைக்கு வந்தது. சனம் தெருவில் படுத்தது. 2005 கார்த்திகையில், அப்படி ஒருவரைத் தெருவில் விடுவது சட்டவிரோதம் எண்டு நீதியரசர்கள் ஒருமனதாகச் சொன்னார்கள். 2007இல் அன்ட்ரூ டிஸ்மோர் தலைமையில் குழு அகதிகள் நடத்தப்படும் விதம் பற்றி முழு அறிக்கையே வெளியிட்டது. வேலை செய்யவும் விடாமல், உதவியும் கொடாமல், அகதிகளை வேண்டுமென்றே வறுமையில் விடுவது அரசாங்கத்தின் கொள்கையாக இருக்கிறது எண்டு அது பச்சையாக எழுதியது.

குழுவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தனிப்பட்ட ஒருவரின் கேஸை அது எடுத்து நடத்த முடியாது. ஆனால் 2018இல் ஹரியற் ஹார்மன் தலைமையில் என்ன செய்தார்கள் பாருங்கள். சிறு வயதில் கரிபியன் தீவுகளிலிருந்து வந்து ஐம்பது வருடமளவில் இங்கே வாழ்ந்த இருவரை ஹோம் ஒவ்பிஸ் தடுப்பு முகாமில் அடைத்திருந்தது. இருவரும் குழுவின் முன் வந்து பேசினார்கள். அவர்களின் சம்மதத்தோடு ஹோம் ஒவ்பிஸ் கோவைகளைக் குழு கேட்டு வாங்கி வாசித்தது. அவர்களுக்குச் சாதகமான விபரங்கள் அந்தக் கோவைகளுக்குள்ளேயே கிடந்தன! தடுத்து வைத்தது பிழை எண்டு குழு முடிவு சொன்னது. இரண்டு பேரின் கோவை மூலம் ஒரு திணைக்களம் வேலை செய்யும் விதமே வெளியில் வந்தது.

தோல்விகளையும் சொல்ல வேண்டும். 2019 மாசியில், குடிவரவுத் தடுப்புக்கு 28 நாள் எல்லை வேண்டும் எண்டு குழு கேட்டது. அரசாங்கம் ஏற்கவில்லை. 2024இல் றுவாண்டாச் சட்டமூலம் மனித உரிமைக்கு ஒவ்வாதது எண்டு எழுதியது. இருந்தும் அது நிறைவேறியது. அந்தத் திட்டத்தை நிறுத்தியது அதே ஆண்டு ஆடியில் வந்த புதிய அரசாங்கம்தான்.

நான் வேலை செய்த ஒரு தொழிற்சாலையில் மாதம் ஒருமுறை கூட்டம் வைப்பார்கள். நாங்கள் குறை சொல்வோம், மனேஜர் தலையாட்டுவார், அடுத்த மாதம் திரும்ப அதே கதை. ஒருவரும் ஒன்றும் எழுதுவதில்லை. ஆகவே போன மாதம் என்ன சொன்னீர்கள் எண்டு பிடிக்க வழியில்லை. இந்தக் குழுவின் பலம் எனக்கு அங்கேதான் விளங்கியது. நேரத்துக்குக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி, எல்லாரும் பார்க்க வைத்துவிடுகிறார்கள். பிறகு ஒரு நாள் ஒரு நீதியரசரோ சொலிசிற்றரோ அதை எடுத்துக் காட்டலாம். எங்களுக்குத் தெரியாது எண்டு அமைச்சர் சொல்ல ஏலாது.

இதில் எங்கட பங்கும் இருக்கிறது. குழு ஒரு விசாரணையைத் தொடங்கும்போது எழுத்துமூலச் சாட்சியம் கேட்டு அறிவித்தல் போடும். பட்டம் பதவி தேவையில்லை, ஆரும் எழுதலாம். பெயரை வெளியிட வேண்டாம் எண்டும் கேட்கலாம். சாட்சி சொன்னதற்காக ஒருவரைப் பழிவாங்குவது பாராளுமன்றத்தை அவமதிக்கும் குற்றம். என்ர கேஸை வென்று தாருங்கள் எண்டு எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. எத்தனை நாள் அடைத்தார்கள், மருந்து கிடைத்ததா, மொழிபெயர்ப்பாளர் வந்தாரா எண்டு திகதியோடு எழுதினால் அது சாட்சியம்.

எங்களில் எத்தனையோ பேர் அந்த முகாம்களுக்குள் இருந்து வந்தவர்கள். ஆங்கிலம் தெரியாதவர் தமிழில் சொல்லட்டும், எங்கட பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதட்டும். எங்கட சங்கம் இந்தப் புத்தாண்டில் அதற்கெண்டு மாதத்தில் ஒரு ஞாயிறு ஒதுக்கினால், முதல் ஆளாக வந்து பேனை பிடிக்க நான் தயார்.